இண்டியானா ஜோன்ஸும் லாரிக்கு அடியில் போனவரும்

அன்புள்ள சார்,

'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையில் 2023ல் வந்த ஐந்தாவது படத்தை இப்போதுதான் ஓடிடியில் பார்த்தேன். நாயகன் ஹாரிசன் ஃபோர்டுக்குப் படம் வந்தபோதே 80 வயது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நடிகர்களுக்கு வயதான பிறகும் பழைய சாகசப் படங்களைத் தோண்டி எடுக்க வேண்டுமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஃபோர்டின் வயது எனக்கு உறுத்தவில்லை. பணி ஓய்வு பெறும் வாத்தியாராக, தளர்ந்துபோன மனிதராக அவர் வரும் இடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. உறுத்தியது தொடக்கம்தான். 1944ல் நடக்கும் அந்த நீண்ட பகுதியில் அவர் முகத்தைக் கணினியில் இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் இளசு, குரல் கிழவருடையது. ஓடும் ரயிலின் கூரையில் அவர் சண்டை போடும்போது விழுந்துவிடுவாரோ என்ற பயமே எனக்கு வரவில்லை.

1981ல் வந்த முதல் படத்தின் லாரித் துரத்தலை மறுபடி பாருங்கள். நாயகன் ஓடும் லாரிக்கு அடியில் புகுந்து பின்பக்கமாக வெளியே வருவார். அதைச் செய்தவர் டெரி லெனர்ட் என்ற ஸ்டண்ட் கலைஞர். உடம்பு நசுங்காமலிருக்கச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டியிருந்தார்கள். அங்கே நிஜமாகவே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை நம் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. இன்றும் அந்தக் காட்சியில் பதறுகிறேன்.

'மேட் மேக்ஸ்' என்ற இன்னொரு பழைய சாகசப் பட வரிசையின் கதையைப் பாருங்கள். 1985ல் நின்ற தொடர் 30 வருடம் கழித்து 2015ல் திரும்பியது. பழைய நாயகன் மெல் கிப்சன் இல்லை, டாம் ஹார்டி வந்தார். ஆனால் இயக்குநர் அதே ஜார்ஜ் மில்லர், வயது 70. ஸ்டண்ட் பொறுப்பு கை நாரிஸுக்கு. 1981ல் வந்த இரண்டாம் பாகத்தில் இளைஞராக ஸ்டண்ட் செய்தவர் அவர். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் எடுப்பதாக இருந்தது. மழை கொட்டிப் பாலைவனம் பூத்துவிட்டது. அப்புறம் வண்டிகளையெல்லாம் நமீபியாவுக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள், மோதினார்கள், நீளக் கம்பங்களின் உச்சியில் ஆட்களை ஊசலாட விட்டார்கள். புழுதிப் புயல் போன்றவை கணினி வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புழுதிக்குள் போகும் வண்டிகளின் கனம் நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்தப் படம் வாங்கிய ஆறு ஆஸ்கர்களும் படத்தொகுப்பு, கலை, உடை, ஒப்பனை, ஒலி என்று வேலை செய்த கைகளுக்கே போயின.

ஆகவே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நாயகன் மாறலாம், கிழவனாகவே வரலாம். அந்தப் படங்களை எடுத்த விதம் திரும்பி வர வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் ஸ்டண்ட் இயக்குநர் யார், படப்பிடிப்பு எங்கே என்று முதலில் தேடிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.