புது வீட்டில் யார் பாடுவது?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கொக்குவிலில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே காணியில் புதிய மாடி வீடு கட்டி, கடந்த ஆவணியில் குடிபூரல் செய்தோம். கணபதி ஓமம், வாஸ்து சாந்தி எல்லாம் முறைப்படி நடந்தன. ஆனால் வந்த நாள் முதல் அம்மாவுக்கு நித்திரை இல்லை. “வீடு வெறுமையாய் முழங்குது பிள்ளை” என்கிறா. எனக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் ஏதோ பாரமாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் தங்கை அங்கே யாரோ ஒருவரிடம் விசாரித்திருக்கிறா. வீட்டில் தங்கிய கெட்ட சக்தியை அகற்ற 528 ஹேர்ட்ஸ் இசையை ஒவ்வோர் அறையிலும் 48 நாட்கள் இரவு முழுவதும் ஒலிக்கவிட வேண்டும், முதல் மூன்று நாட்கள் வீட்டில் எவரும் தங்கக்கூடாது, மூலைகளில் உலோகக் கிண்ணம் தட்ட வேண்டும் என்று அவர் சொன்னாராம். ஒலிப்பதிவுக்கும் கிண்ணத்துக்கும் அவர் கேட்கும் பணம் சிறிய தொகையல்ல. இசையால் வீட்டைத் தூய்மைப்படுத்த முடியுமா? நம்முடைய மரபில் இதற்கு இடம் உண்டா? வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளும் இதையே கேட்கிறாள்.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் இசை ஒலிக்க வேண்டும் என்பதில் தங்கையோடு நான் முழுமனதாக உடன்படுகிறேன். அதை யார் பாடுவது, யாருக்காகப் பாடுவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து உண்டு.

முதலில் அம்மாவின் சொல்லை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிகச் சரியாகச் சொல்லப்பட்டது அதுதான். அந்த வீடு உண்மையிலேயே முழங்குகிறது. உங்கள் பழைய வீட்டின் ஓடுகளுக்கு இடையில் இடைவெளி இருந்தது. பனஞ்சிலாகையும் திறந்த விறாந்தையும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் இருந்தன. எழுந்த ஒலியில் ஒரு பங்கு வெளியே போனது, ஒரு பங்கு உள்ளேயே அடங்கியது. புதிய வீட்டில் வழவழப்பான சீமெந்துச் சுவர், தரையில் ரைல்ஸ், மேலே கொங்கிறீட் தட்டு, இறுக மூடும் கண்ணாடி யன்னல் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. தளபாடங்களும் இன்னும் நிறைந்திருக்காது. அத்தகைய கூடத்தில் ஒரு கரண்டி விழுந்தாலும் அந்த ஓசை அடங்கச் சுணங்கும், பேச்சின் ஓர் அசை ஓய்வதற்குள் அடுத்த அசை அதன்மேல் ஏறும், வயதானவர்களின் காதுக்கு அது ஓயாத இரைச்சலாகவே சேரும்.

1895ஆம் ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, வலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் அதைச் சீர்செய்யும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒருமுறை எழுந்த ஒலி ஏறத்தாழ ஐந்தரை விநாடி வரை அடங்காமல் நின்றது. அவர் அருகிலிருந்த அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவரச் செய்து, அவற்றைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனவளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. மனித உடலும் உடுத்திருக்கும் துணியும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும் என்பதையும் அவர் அளந்து கண்டார். குடிபூரல் அன்று வீடு நிறையச் சனம் இருந்தபோது இந்த முழக்கம் உங்களுக்குத் தெரியாமல் போய், விருந்தினர் திரும்பிய இரவிலிருந்து தெரியத் தொடங்கியதற்கு இது போதுமான காரணம்.

ஆகவே யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை போடுங்கள். கூடத்தில் பாய்களும் கம்பளமும் விரியுங்கள், புத்தக அலுமாரி ஒன்றை வெறுஞ்சுவரோடு வையுங்கள். அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் துணியாலான ஏதாவதொன்றைத் தொங்கவிடுங்கள். பாரமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதற்குப் பெயின்ற் மணமும் இன்னும் முழுமையாக உலராத சாந்தின் ஈரமும் பகல் வெயிலைச் சேமித்து இரவில் உள்ளே இறக்கும் கொங்கிறீட் தட்டும் பங்களித்திருக்கலாம்; காலையிலும் பொழுதுபட்ட பிறகும் யன்னல்களை எதிரெதிராகத் திறந்துவிடுங்கள். நித்திரையின்மை இத்தனை நாட்களாக நீடிப்பதால் அம்மாவை ஒரு வைத்தியரிடமும் காட்டுங்கள். இரவு முழுவதும் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தால் அவருக்குக் கிடைக்கும் கொஞ்ச நித்திரையும் போய்விடும்.

இனி அந்த 528 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 528 அதிர்வு. மேற்கத்திய இசைக்கருவிகளைச் சுருதி சேர்ப்பதற்கு, A என்ற சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ் என்ற அளவை, முதலில் 1939இல் லண்டனில் கூடிய மாநாடும் பின்னர் 1955இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் ஏற்றுக்கொண்டன. அந்த அளவு மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. இந்த உடன்பாட்டின்படி, நாம் ‘ஒரு கட்டை’ என்று அழைக்கும் சுருதியின் ஆதார சட்சம், அதாவது ‘ச’ என்ற அடிப்படைச் சுரம், சுமார் 131 ஹேர்ட்ஸ் ஆகும். அதற்கு இரண்டு தாயி மேலுள்ள, அதாவது அதை இருமுறை இரட்டித்தால் கிடைக்கும் சட்சம் 523 ஹேர்ட்ஸுக்குச் சற்று அதிகம். 528 என்பது அதிலிருந்து அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு அளவே விலகி நிற்கிறது. நாதசுரக்காரர் சீவாளியில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டில், உதட்டின் அழுத்தத்தைச் சிறிது மாற்றினாலே இதைவிடக் கூடிய தூரம் சுரம் நகரும். தோடி இராகத்தில் காந்தாரத்தை, அதாவது ‘க’ என்ற சுரத்தை, அசைக்கும்போது பாடகரின் குரல் இந்த இடைவெளியைப் போலப் பல மடங்கைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. நமது இசையில் ஆதார சுருதியே பாடுபவரின் தொண்டைக்கு ஏற்ப அமைவது: ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ பாடுகிறார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். உங்கள் மகள் தன் சுருதிப்பெட்டியைத் தன் குரலுக்கு ஏற்றவாறு திருப்பும்போது அவள் செய்வதும் இதுதான். ஒரு தனி எண்ணில்தான் நன்மை குடியிருக்கிறது என்றால், நம் முன்னோர் பாடியதெல்லாம் வீண் என்று கொள்ள வேண்டியிருக்கும். அதை என்னால் ஏற்க முடியாது.

மூலைகளில் கிண்ணம் தட்டுவதால் கேடில்லை. அந்த வழக்கத்தின் இன்றைய வடிவம் 1970களுக்குப் பிறகு மேற்கு நாடுகளில் பரவியது என்பதையும், அதை நமது மரபு என்று எவராவது விற்றால் நம்ப வேண்டாம் என்பதையும் மட்டும் மகளுக்குச் சொல்லுங்கள்.

நம்முடைய மரபு என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரணியத்தில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் பாடினார் என்றும், திறந்த கதவு மீண்டும் மூடச் சம்பந்தர் பாடினார் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. அதுவரை மக்கள் வேறொரு வாயிலால் போய்வந்தார்கள். அன்றிலிருந்து நேர்வாயில் நாள்தோறும் திறந்து அடைக்கும் வாயிலாயிற்று. மனிதர்கள் புழங்குவதற்காக, அங்கே நின்ற மனிதர்களே தம் வாயால் பாடிய பாட்டு அது. கோளறு பதிகமும் அதே ஊரில் பிறந்தது. மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரிடம் நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது, புறப்படுகிறவரே பாடிய விடை அது. தான் போகாமல் பாட்டை மட்டும் அனுப்பிவைக்க அவர் எண்ணவில்லை. எவரும் இல்லாத வீட்டில் மூன்று நாட்கள் ஒலிப்பதிவை ஓடவிடுவது என்ற யோசனை எனக்கு அந்நியமாகப் படுவது இதனாலேயே.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு மட்டும் எளிதில் விளங்கக்கூடிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணம், முத்துமாலையும் பூமாலையும் தொங்கவிட்டு, முளைக்குடமும் தூபமும் தீபமும் வைத்து, இறைவனின் திருமஞ்சனத்துக்கு மணப்பொடி இடிப்பதைப் பாடும் பாட்டு. சொல்லைப் பார்த்தால் புது வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மங்கலப் பாட்டுக் கிடையாது. ஆனால் நம்மூரில் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடிப் பாடி, அதன் முதலடியைக் கேட்டவுடனேயே நெஞ்சு கலங்கிவிடுகிறது. குடிபூரல் வீட்டில் எவராவது அதைத் தொடங்கினால் பெரியவர்கள் உடனே நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதை நான் பிழையென்று கருதவில்லை. நம் வீடுகள் பட்ட துக்கம் அந்தப் பாட்டில் ஏறியிருக்கிறது. ஓர் ஒலி மங்கலமா அமங்கலமா என்பதை, எந்தச் சமயத்தில் யாரோடு சேர்ந்து அதைக் கேட்டு வளர்ந்தோம் என்பதே தீர்மானிக்கிறது. அதனால்தான் லண்டனில் எவரோ ஒருவர் தெரிவுசெய்யும் ஓசையைவிட, உங்கள் அம்மா பழைய வீட்டில் பாடிய பாட்டு உங்கள் கூடத்துக்கு ஆயிரம் மடங்கு பொருத்தமானது என்கிறேன்.

அம்மாவுக்குப் போனது பழைய வீடு என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால் நம் வலிகாமப் பகுதியே வெறுமையானபோது உங்கள் குடும்பமும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வெளியேறியிருக்கும். திரும்பி வந்த பலர், கூரையில்லாத அறையைக் கூட்டித் துடைத்து, ஒரு விளக்கேற்றித் தேவாரம் பாடியே மறுபடி குடியிருக்கத் தொடங்கினார்கள். அப்படிக் காத்துக்கொண்ட வீடு இப்போது நல்ல காரணத்துக்காகவே இடிக்கப்பட்டிருந்தாலும், அந்த இழப்பை அம்மா எவரிடமும் சொல்லியிருக்க மாட்டா. அதைக் கெட்ட சக்தி என்று பெயரிட்டு விரட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு நாளும் மாலை விளக்கு வைத்த பின் கூடத்தில் பாய் விரித்து இருந்து பஞ்சபுராணம் பாடுங்கள். தேவாரத்தை அம்மா பாடட்டும், குரல் நடுங்கினாலும் பாதகமில்லை. திருவாசகம் உங்களுக்கு, திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் மகளுக்கு, பெரிய புராணம் மறுபடி அம்மாவுக்கு. தேவாரத்துக்குரிய பழைய இராகங்களான பண்களில், இரவில் பாடும் ஒன்றான மேகராகக்குறிஞ்சியை இன்று நாம் நீலாம்பரியாகவே பாடுகிறோம், தாலாட்டுக்கு நாம் நாடும் இராகமும் அதுதான். அம்மா கட்டிலில் சாய்ந்த பின், மகள் அந்தப் பண்ணில் அமைந்த ஒரு தேவாரத்தை மெதுவாக, ஒலிவாங்கி இல்லாமல், அறைக்கு வெளியே இருந்து பாடட்டும். காலையில் செய்யும் பாட்டுச் சாதகத்தையும் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்யாமல் கூடத்தில் செய்யச் சொல்லுங்கள். சுருதியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், ஏதோ ஓரிடத்தில் கூடமே சேர்ந்து பாடுவதுபோலக் கேட்கும். ஏறக்குறைய 13 அடி நீளமான அறை 44 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒத்ததிரும், அதன் மும்மடங்கு ஒரு கட்டைச் சட்சத்துக்கு மிக அண்மையில் விழும். மகளுக்கு இதை அளந்து பார்ப்பது நல்ல பாடமாகவும் இருக்கும்.

வசதியிருந்தால், தையில் ஒரு நல்ல நாள் பார்த்து, அதிகாலையில் ஒரு சோடி நாதசுரமும் தவிலும் அழைத்து முற்றத்தில் பூபாள இராகம் வாசிக்கச் செய்யுங்கள். ஒலிப்பதிவுக்குக் கேட்ட பணத்தை அவர்களுக்குக் கொடுங்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த அளவெட்டியும் மங்கல இசைக்குப் பெயர்பெற்ற இணுவிலும் உங்களுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. அயலில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். உங்கள் அயலில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், வீடு குடிபோகும்போது செபமும் பாடலுமாக ஆசீர்வதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் கூடிப் பாடுபவர்கள் வீட்டாரும் உற்றாருமே.

தங்கையிடம் கோபப்பட வேண்டாம். தொலைவில் இருந்துகொண்டு வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் தவிக்கிறார். மாலையில் காணொளி அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாட முயன்றால், குரல் லண்டன் போய்த் திரும்பும் சுணக்கத்தில் தாளம் குலைந்துவிடும். ஆகவே திருப்பல்லாண்டை மகளிடமிருந்து வாங்கித் தங்கைக்குக் கொடுங்கள். அவர் தனியாகப் பாடட்டும், நீங்கள் இங்கே கைபேசியை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

அன்புடன்.