கைத்துப்பாக்கி வாங்கும் முன்

வணக்கம். டெக்சஸில் உங்கள் தெருவில் திருட்டு நடந்ததால் கைத்துப்பாக்கி வாங்க எண்ணுவதாகவும், எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பதாகவும், வீட்டில் பதினான்கு வயது மகன் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு. 2021 முதல் டெக்சஸில் உரிமமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது, இந்தத் தடையை நீக்கிவிடாது. வழக்கறிஞரைக் கேட்காமல் கடைப்பக்கம் போகாதீர்கள்.

கிரீன் கார்டு வந்த பிறகும் நான் வாங்கவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடும்போது, துப்பாக்கியை எடுத்தவர் பிழைப்பது அரிது என்பதால், வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் திருடனைவிட அந்த ஒரு நிமிட மனக்கசப்புக்கே நான் அஞ்சுகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பானவர், தற்காப்பு தம் உரிமை என்று உளமார நம்புகிறவர் (2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது). அவர் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறார். சாவியோ ஃபிரிட்ஜுக்கு அருகே, பேரப்பிள்ளைகளுக்கு எட்டும் ஆணியில் தொங்குகிறது.

இப்போதைக்கு நல்ல பூட்டும் வாசல் விளக்கும் கேமராவும் போதும். மகன் நண்பர்கள் வீட்டுக்குப் போகும்முன், அங்கே துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே குழந்தை மருத்துவர்களே அப்படிக் கேட்கச் சொல்கிறார்கள்.