எக்கோலிங்க்: டெல்டா நண்பர்கள் கேட்டவை

திருவையாறு: அண்ணா, எக்கோலிங்க் இருந்தால் லைசென்ஸ் இல்லாமலே ஹாம்களோடு பேசலாமா?

முடியாது தம்பி. எக்கோலிங்க் என்பது ஹாம்களின், அதாவது லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களின் ரேடியோக்களை இணையம் வழியாக இணைக்கும் மென்பொருள். பதிவு செய்யும்போதே கால்சைனையும் (ஹாமின் அழைப்புக் குறி) லைசென்ஸ் நகலையும் சரிபார்ப்பார்கள். நீங்கள் பேசுவது எங்கோ ஒரு ரிப்பீட்டரில் (அலையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) வானலையாக ஏறுகிறது, அதனால்தான் இந்தக் கண்டிப்பு. 12 வயது நிறைந்திருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்னும் லைசென்ஸ் வகைக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை.

மன்னார்குடி: என் 5 வாட் ஹேண்ட்செட் கும்பகோணத்துக்கே எட்டவில்லை. லண்டனுக்கு எப்படி எட்டும்?

நம் பக்கம் ரிப்பீட்டர் வைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. தென்னந்தோப்புகளைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே ஹேண்ட்செட்டின் விஎச்எஃப் அலை தேய்ந்துவிடும். எக்கோலிங்கில் தூரத்தைக் கடப்பது இணையம்தான். ஹேண்ட்செட் பக்கத்து லிங்க் (கணினியோடு இணைத்த ரேடியோ) வரை எட்டினால் போதும். அங்குள்ள கணினி குரலை இணையத்தில் அனுப்பும், லண்டன் ரிப்பீட்டர் அதை வானலையாக்கும். பட்டியலில் கால்சைனுக்குப் பின்னால் எல் இருந்தால் லிங்க், ஆர் இருந்தால் ரிப்பீட்டர். பக்கத்தில் லிங்க் இல்லையா? சரி, கைபேசிச் செயலியில் பேசுங்கள்.

கும்பகோணம்: பட்டியல் தெரிகிறது, ஆனால் யாரோடும் இணைய மறுக்கிறது.

மொபைல் டேட்டாவில் இது வழக்கம். செட்டிங்ஸில் ரிலே அல்லது பப்ளிக் ப்ராக்ஸிக்கு (இடையில் ஒரு சர்வர் வழியாக இணைக்கும் முறைகள்) மாற்றுங்கள். வீட்டு பிராட்பேண்டில் கணினி வைத்திருந்தால் ரவுட்டரில் யுடிபி போர்ட் 5198, 5199 இரண்டையும் திறந்துவிடுங்கள். அப்புறம் 9999 என்ற சோதனை எண்ணை அழையுங்கள், உங்கள் குரலே திரும்பி வரும். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும்.

வேதாரண்யம்: புயல் நேரத்தில் இதை நம்பலாமா?

ஐயா, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். மின்சாரமும் டவரும் போனால் எக்கோலிங்கும் போய்விடும். அந்த நேரத்துக்கு 40 மீட்டர் பேண்ட் ரேடியோ ஒன்றும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்திருங்கள். சுமார் 20 மீட்டர் கம்பியை நடுவில் பிரித்து டைபோல் ஆன்டெனாவாகக் கட்டுங்கள். ஐந்தாறு மீட்டர் உயரம் போதும். தாழ்வாக இருந்தால் அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். பகலில் சென்னையைப் பிடிக்கலாம். தென்னையை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள், கஜாவில் அவைதான் முதலில் சாய்ந்தன. கம்பியைக் கட்ட இரண்டு மூங்கில் கழிகளை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு நாள் காலையில் அந்த ரேடியோவில் பேசிப் பாருங்கள், பேட்டரி இறங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.