கேப்டன் மட்டும் என்ன பாவம் செய்தார்?

கேள்வி: ஆஸ்திரியப் பிரபலங்களைப் பற்றிய படங்களில் ‘அமேடியஸ்’தான் உச்சம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சக இசையமைப்பாளர் சாலியேரி, இசைமேதை மொசார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற அந்தக் கதைக்கு ஆதாரமே இல்லை. செத்துப்போன மனிதரின் பெயரைக் கெடுப்பதெல்லாம் கலையா? அதே நாட்டிலிருந்து ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்று ஓர் உண்மைக் கதையை எவ்வளவு அழகாக எடுத்தார்கள்! அதைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: முதல் பாதியில் நீங்கள் சொல்வது சரி. சாலியேரி விஷம் வைக்கவில்லை. உங்கள் கட்சிக்கு நானே இரண்டு சாட்சி தருகிறேன். படத்தில் கடவுளிடம் பிரம்மச்சரியம் காப்பதாக வாக்குக் கொடுக்கும் அவருக்கு நிஜத்தில் மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் உண்டு. மொசார்ட் இறந்த பிறகு அவருடைய கடைசி மகன் பாடம் கேட்டதும் இந்த ‘விரோதி’யிடம்தான். (சாலியேரி ஆஸ்திரியரே அல்ல, இத்தாலிக்காரர் என்பதை யாரும் எழுதிக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.)

ஆனால் ஐயா, அந்தக் கதையைச் சொல்வது யார் என்று கவனித்தீர்களா? கழுத்தை அறுத்துக்கொண்டு பிழைத்து, மனநோய் விடுதியில் கிடக்கும் கிழவர். பாவமன்னிப்பு வழங்க வந்த இளம் பாதிரியாரிடம் பியானோவில் ஒரு மெட்டு வாசித்துக் காட்டுகிறார். தெரியுமா? தெரியாது. இன்னொன்று. அதுவும் தெரியாது. ஒரு காலத்தில் வியன்னாவே கொண்டாடிய மெட்டுகள் அவை. மூன்றாவதைத் தொட்டதும் பாதிரியார் முகம் மலர்ந்து கூடவே பாடுகிறார். “இது நீங்கள் எழுதியது என்று தெரியாதே” என்கிறார். “நான் எழுதவில்லை. மொசார்ட்.” அந்த இடத்தில் கிழவரின் முகத்தைப் பாருங்கள். சாலியேரியாக நடித்த ஆப்ரஹாமுக்கு ஆஸ்கார் சும்மா கிடைக்கவில்லை. பொறாமையில் வெந்தவர் சொல்லும் கதை இது என்று படம் முதலிலேயே சீட்டைத் திருப்பிக் காட்டிவிடுகிறது. அவர் விஷம் கலப்பதாக ஒரு காட்சிகூடக் கிடையாது. வதந்திக்கும் சினிமா பொறுப்பில்லை. சாலியேரி உயிரோடு இருந்தபோதே அது வியன்னாவில் உலவியது. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830-இலேயே அதை நாடகமாக்கியும் விட்டார்.

இப்போது உங்கள் ‘உண்மைக் கதை’க்கு வருவோம். படத்தின் நாயகி மரியா, மனைவியை இழந்த கடற்படைக் கேப்டன் ஃபான் டிராப்பின் வீட்டுக்கு வந்தது அவருடைய ஏழு பிள்ளைகளையும் மேய்க்க அல்ல, நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லித்தர. கேப்டனுடன் கல்யாணம் நடந்தது 1927-இல். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியது 1938-இல். நடுவில் பதினோரு ஆண்டுகள், மேலும் இரண்டு குழந்தைகள். படத்தில் தேனிலவு முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்குள் நாஜிக் கொடி தொங்குகிறது!

தப்பித்த கதை இன்னும் விசேஷம். மூட்டை முடிச்சோடு மலையேறவில்லை. ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். கேப்டன் பிறந்த ஊர் முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலிக்குப் போய்விட்டதால் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. படத்தில் காட்டுகிற மாதிரி சால்ஸ்பர்க் பக்கத்து மலையை ஏறிக் கடந்திருந்தால் இறங்குகிற இடம் ஸ்விட்சர்லாந்து அல்ல, ஜெர்மனி. அதுவும் ஹிட்லரின் மலை வீடு இருந்த பெர்க்டெஸ்காடன் பக்கம்.

அந்தக் கேப்டன்? விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டது உண்மை. வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கக்கூடாது என்ற கல்நெஞ்சர் என்பது கட்டியது. மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இசை இருந்தது. அவர் சாது, கோபக்காரி மரியாதான் என்பதைப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். கேப்டன் இறந்தது 1947, படம் வந்தது 1965. “செத்துப்போன மனிதரின் பெயரைக் கெடுப்பதெல்லாம் கலையா” என்ற உங்கள் கேள்வியை அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்களேன்.

இவ்வளவும் சொன்னதால் பாட்டுகள் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் மனப்பாடம். என் சண்டை ஒரே ஒரு காட்சியோடுதான். மேடையில் கேப்டன் ‘எடெல்வைஸ்’ என்ற நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாடத் தொண்டை அடைக்கிறது, அரங்கமே கூடச் சேர்ந்து பாடுகிறது, நாஜிகள் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரெல்லாம் நல்லவர்கள், கெட்டவர்கள் வெளியிலிருந்து வந்த நாலு பேர். நிஜத்தில் 1938 மார்ச் 15 அன்று வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் மைதானத்தில் ஹிட்லரைப் பார்த்து ஆர்ப்பரித்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். ‘நாங்கள் ஹிட்லருக்கு முதல் பலி’ என்றே அந்த நாடு போருக்குப் பின் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. தங்களுக்கும் நாஜிக் கொடுமைகளில் பங்குண்டு என்று ஆஸ்திரியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள 1991 ஆயிற்று. சாலியேரி கதையால் கெட்டது ஒருவர் பெயர். இது ஒரு நாட்டுக்கே வெள்ளையடித்தது.

உண்மைக் கதைதான் வேண்டுமென்றால் இயக்குநர் டெரன்ஸ் மாலிக்கின் ‘எ ஹிடன் லைஃப்’ பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், பொறுமை வேண்டும். இதிலும் மலை பொய்தான்: கதை நடந்த சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்தில் அந்த மாதிரி ஆல்ப்ஸ் சிகரங்கள் கிடையாது, படப்பிடிப்பு இத்தாலிப் பக்கம். மற்றபடி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் அங்கே வாழ்ந்த விவசாயி, மூன்று பெண்குழந்தைகளின் அப்பா. ஹிட்லர் பெயரில் சத்தியப்பிரமாணம் எடுக்கமாட்டேன், துப்பாக்கி தூக்கமாட்டேன் என்றார். குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் பிஷப்பே புத்தி சொன்னார். 1943 ஆகஸ்ட் 9-இல் தலையை வெட்டினார்கள்.

2007-இல் லின்ஸ் நகரப் பேராலயத்தில் அவரை அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவித்தபோது மனைவி ஃபிரான்சிஸ்கா, 94 வயதில், நேரில் இருந்தார். ஆனால் போர் முடிந்த கையோடு, அக்கம்பக்கத்து விதவைகளுக்குக் கிடைத்த பென்ஷன் அவருக்கு மட்டும் மறுக்கப்பட்டது. 1950 வரை. அரங்கமே சேர்ந்து ‘எடெல்வைஸ்’ பாடியதாக நீங்கள் நம்புகிற அதே நாட்டில்.