மண் சுமக்க மட்டும் பெடியளோ?

ஐயா வணக்கம், நான் முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம். போன மாசம் எங்கட ஊர்ச் சின்னக்குளத்து அணைக்கட்டைச் சிரமதானம் செய்து துப்பரவாக்கினம். முப்பது பெடியள் பெட்டையள் வந்தவை. பெரியாக்கள் மரநிழல்ல இருந்துகொண்டு, கட்டில நிண்ட ரெண்டு வேம்பை ஏன் தறிச்சனீங்கள் எண்டு ஏச்சு. ரெண்டு பகுதியையும் எப்பிடி ஒண்டாக்கிறது? எல்லாருக்கும் ஒரே ரீசேட் அடிச்சா ஒற்றுமை வருமோ?

தம்பி,

ரீசேட் கதையை விடும். பெரிசுகள் நிழல்ல இருந்தது எனக்கும் கோவம்தான். ஆனா ஏன் ஏசினவை எண்டு நீர் கேட்டனீரோ? கேட்டிருக்க மாட்டீர், போட்டோ எடுத்திருப்பீர்.

எனக்குப் பதின்மூண்டு வயசு, மார்கழி மழை, குளம் நிரம்பி மிச்சத் தண்ணி வான் பாயுது. ஊர்ப் பெரியப்பா ஒருத்தர் ராவில என்னைக் கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், கையில அரிக்கன் லாம்பு. கட்டுக்கு வெளிப்பக்கம் அடியில ஒரு இடத்தில தண்ணி கசியுது, நான் கத்தப்போக அவர் உள்ளங்கையில ஏந்தி லாம்புக்குக் கிட்டப் பிடிச்சார். "பார், தெளிஞ்சு வருது, பயமில்லை. கலங்கி வந்தா உள்ளுக்க மண் கரையுது, அப்ப ஓடிப்போய் ஊரை எழுப்பு." விடியுமட்டும் ஏந்திப் பாக்கிறது என்ர வேலை, தேத்தண்ணி அவற்ற வேலை. அண்டைக்கு மண்மூட்டை சுமந்தனோ எண்டு இப்ப ஞாபகம் இல்லை, ஊரை எழுப்பிற வேலையை எனக்குத் தந்தது மட்டும் மறக்கேல்லை.

இப்ப ஆர் குடுக்கினம் உந்த வேலையை? சிரமதானத்துக்குக் கூப்பிடுவினம், விதைப்புக்கு முதல் கமக்காரர் கூடுற போகக் கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டினம். எப்ப துருசு, அதுதான் மதகு, திறக்கிறது, எப்ப மாட்டைக் கட்டுறது, சிறுபோகத்துக்குத் தண்ணி எத்தினை ஏக்கருக்குக் காணும், எல்லாம் முடிவாகிறது அங்கதான். 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில கமக்காரர் அமைப்புக்கு இடம் இருக்கு, 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணி குடுக்கிற சின்னக்குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தோட சேந்து அவைதான் பாக்கிறது. போய்ப் பாரும், கதிரை முழுக்க நரைச்ச தலை. ஏனெண்டா அரசாங்கம் குடுத்த காணி பெமிற் அப்பான்ர பேரில. வயல்ல முறியிற பிள்ளையின்ர பேர் கடதாசியில இல்லை. பெட்டையளுக்கு இன்னும் மோசம், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில வாரிசு வரிசையில ஆம்பிளைப் பிள்ளையளே முன்னுக்கு நிண்டவை, 2022இலதான் அதைத் திருத்தினவை. கூட்டத்தில வாய் திறக்க விடாமல் மம்பெட்டியை மட்டும் நீட்டினா பெடியன் எத்தினை நாளைக்கு வருவான், கனடாவுக்கோ கட்டாருக்கோ போகத்தான் பாப்பான்.

பெரியாக்களையும் ஒரேயடியா ஏசேலாது. 2009இல யுத்தத்தில எல்லாத்தையும் விட்டிட்டு வெறுங்கையோட நிண்டு, முகாமால வந்து பத்தைக்குள்ள வரம்பு தேடின சனம். கையில இருக்கிற எதையும் விட அவைக்குப் பயம், அது பிடிவாதம் மாதிரித்தான் வெளியில தெரியும்.

வேம்புக்கு வாறன். கட்டில மரம் வளர விடக்கூடாதுதான், சின்னனில பிடுங்கியிருக்கவேணும். வளந்த மரத்தைத் தறிச்சுப்போட்டு வேரை உள்ளுக்க விட்டா அது உக்கும், உக்கின வேர்ப் பொந்துக்குள்ளால தண்ணி வழி பிடிக்கும். பெரியாக்கள் ஏசினது உதுக்குத்தான் எண்டு நினைக்கிறன், விளக்கிச் சொல்ல அவைக்குப் பொறுமை இல்லை, கேக்க உமக்கும் இல்லை.

மாரி தொடங்கினவுடன அந்த ரெண்டு அடிக்கட்டைக்கும் நேர கீழ போய்ப் பாரும். ரோச் லைற்றும் ஃபிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டு போம், ஏசின கிழவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போம். தண்ணி என்ன நிறத்தில வருது எண்டு எழுதும்.