முன் அனுபவத்தை யார் கொடுப்பது?

கேள்வி: என் மகன் இயந்திரவியல் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறான். எங்கள் கடற்கரையில் ஐஸ் கம்பெனிக்காரர்களும் இறால் ஏற்றுமதியாளர்களும் 'படித்தவன் வருகிறான், வேலை தெரிந்தவன் வருவதில்லை' என்கிறார்கள். தவறு கல்லூரியிலா, பிள்ளைகளிடமா? – வாசகர், மண்டபம்.

பதில்: இருவரிடமும் தவறு உண்டு. ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர், தவறு யாரிடம் என்று நீங்கள் கேட்டபோது சேர்க்காமல் விட்ட முதலாளிதான்.

ஐஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். குளிர்பதனச் சுழற்சியைப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய பட்டதாரிக்கு, அம்மோனியா கம்ப்ரசரின் பிரஷர் மீட்டர் முள் வழக்கத்தைவிட மேலே ஏறும்போது, தண்ணீர் பம்பு நின்றுவிட்டதா, கண்டன்சர் குழாய்களில் உப்புப் படிந்துவிட்டதா, உள்ளே காற்றுச் சேர்ந்துவிட்டதா என்று எதை முதலில் பார்ப்பது எனத் தெரியாமல் இருக்கலாம். பழைய ஆபரேட்டரின் பக்கத்தில் சில மாதங்கள் நின்றால் அது பிடிபட்டுவிடும்; வகுப்பறையில் பிடிபடாது. நிற்க இடம் கொடுக்காமலே 'இரண்டு வருட முன் அனுபவம் தேவை' என்று விளம்பரம் செய்பவர், அந்த அனுபவத்தை வேறு எவரோ தம் செலவில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டமும் அதன் விதிகளும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. நான்கு பேர் மட்டுமே உள்ள சிறிய ஐஸ் கம்பெனியும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. இதற்குப் பிறகும் ஆள் கிடைக்கவில்லை என்பது, நாற்று விடாதவர் விளைச்சல் இல்லை என்று புலம்புவது போலத்தான்.

கல்லூரிகளைப் பற்றி ஒரே வார்த்தை: பணம் கட்டினால் கிடைக்கும் இன்டர்ன்ஷிப் சான்றிதழை ஏற்றுக்கொள்வதை அவை நிறுத்தட்டும். அதை வாங்கிச் சமர்ப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் ஏமாறியவர்கள் அல்லர், உடந்தையானவர்கள்.

உங்கள் மகன் சென்னையில் ஏதாவது நிறுவனம் கூப்பிடும் என்று காத்திராமல், தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்யட்டும். அந்த ஏற்றுமதியாளர் அடுத்த முறை குறைபட்டுக்கொண்டால், அவர் நிறுவனத்தில் இப்போது எத்தனை பழகுநர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.