பார்லிமெண்ட் கேள்வி நேரத்தைப் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கொஞ்ச வருஷம் டெல்லில ஒரு எம்.பி. ஆபீஸ்ல இருந்தேன், வேலையே கேள்வி எழுதிக் குடுக்கறதுதான். எந்த எம்.பி., எந்தக் கட்சின்னு மட்டும் கேக்காதீங்க. மத்தபடி மந்திரிங்களை சபைல எப்படி மடக்குறாங்க, அவங்க எப்படி நழுவுறாங்க, எது வேணா கேளுங்க.

மதுரைக்காரன்: அண்ணே, நட்சத்திரக் கேள்வின்னு நியூஸ்ல சொல்றாங்களே, அப்படின்னா ரொம்ப முக்கியமான கேள்வியா?

முக்கியம்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. மந்திரி எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும்னா அதுக்கு நட்சத்திரக் குறி போடுவாங்க, எழுத்துல பதில் போதும்னா குறி கிடையாது, அவ்ளோதான். லோக்சபால ஒரு நாளைக்கு நட்சத்திரம் 20, நட்சத்திரம் இல்லாதது 230. ராஜ்யசபால 15, 160. ஒரு லோக்சபா எம்.பி. ஒரு நாளைக்கு அஞ்சு நோட்டீஸ்தான் குடுக்க முடியும், எல்லாரோடதும் குலுக்கல்ல போகும், வரிசைல முன்னாடி வந்தா உண்டு. அந்த 20லயும் காலைல 11 மணியிலருந்து 12 வரைக்கும் இருக்கிற கேள்வி நேரத்துல நாலஞ்சு நடந்தாலே அதிகம். 2019 நவம்பர் 27ல ஒரே நாள்ல 20ம் எடுத்தாங்க, 1972க்கு அப்புறம் இப்பதான்னு பெரிய நியூஸாச்சு, அப்ப பாத்துக்க.

டிவில நீங்க பாக்கிறது அந்த நாலஞ்சுதான். ஆனா சரக்கு இருக்கிறது அந்த 230ல. அதை யாரும் பாக்கிறதில்லன்னுதான் எனக்கு வருத்தம்.

மதுரைக்காரன்: அண்ணே சும்மா சொல்லாதீங்க, எங்க ஊர் எய்ம்ஸ் பத்தி எத்தனை வாட்டி கேட்டாங்க, ஒரே பதிலைத்தானே திருப்பித் திருப்பிக் குடுக்கறாங்க.

நல்ல எடுத்துக்காட்டா புடிச்ச. 2019 ஜனவரி 27ல அடிக்கல் நாட்டினாங்க, அப்ப மதிப்பீடு 1,264 கோடி. "மதுரை எய்ம்ஸ் எப்ப முடியும்?"னு கேட்டா "பணிகளை விரைந்து முடிக்க அனைத்து நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டு வருகின்றன"ன்னுதான் வரும், ஏன்னா அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலே போதும், அதிகாரி மேல தப்பு சொல்ல முடியாது. கேள்வியை நாலா உடைக்கணும். ஜப்பான் கடன் ஒப்பந்தம் எந்தத் தேதில கையெழுத்தாச்சு? மதிப்பீட்டைத் திருத்துனீங்களா, திருத்துனா எவ்வளவு? இதுவரைக்கும் வருஷவாரியா எவ்வளவு பணம் விட்டீங்க? டெண்டர் எந்தத் தேதில விட்டீங்க? இதுல எதுக்கும் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது"ன்னு எழுத முடியாது, தேதியோ நம்பரோ எழுதியாகணும், இல்ல "ஆகல"ன்னு எழுதணும். மதிப்பீடு 1,977.80 கோடி ஆனது, அதுல பெரும்பங்கு ஜப்பான் கடன்ங்கறதெல்லாம் பார்லிமெண்ட் பதில்கள்லயே கிடக்கு. கட்டடம் எழும்பாமலே 2022ல முதல் பேட்ச் மாணவர்களை ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ்ல உக்கார வச்சாங்க இல்ல, அந்த மாதிரி விஷயத்தையெல்லாம் அரசாங்கத்தோட எழுத்துலயே வாங்கி வச்சுக்கிட்டாத்தான் அடுத்த வருஷம் அதே மந்திரிகிட்ட போய் நிக்க முடியும்.

சட்டக்கல்லூரி மாணவி: சார், மந்திரிக்கு எல்லாமே தெரியுமா? பதிலை வச்சு அங்கயே துணைக் கேள்வி கேட்டா எப்படி உடனே பதில் சொல்றாங்க?

தெரியாதும்மா. நட்சத்திரக் கேள்வி லிஸ்ட்ல வந்த உடனே அந்த அமைச்சகத்துல ரெண்டு மூணு நாள் வேற வேலை ஓடாது. மெயின் பதில் ஒரு பக்கம், "நோட் ஃபார் சப்ளிமெண்டரிஸ்"னு ஒரு ஃபைல் தனியா ரெடி பண்ணுவாங்க, எம்.பி. என்னென்ன கேக்கலாம், எந்த ஊரைச் சேர்ந்தவர், அவர் தொகுதில இந்தத் திட்டத்துல என்ன பிரச்சனை, எல்லாம் இருக்கும், தலையணை சைஸுக்கு. அப்படியும் தெரியாதது வந்துட்டா ஆபீசர்ஸ் கேலரிலருந்து துண்டுச் சீட்டு போகும், டிவில மந்திரி குனிஞ்சு எதையோ படிக்கிறாரேன்னு தோணும்ல, அதுதான். அதுவும் இல்லன்னா "மாண்புமிகு உறுப்பினருக்கு எழுத்துபூர்வமா அனுப்பறேன்", முடிஞ்சது.

கேட்ட எம்.பி.க்கு ரெண்டு துணைக் கேள்வி, மத்தவங்களுக்கு சபாநாயகர் அனுமதிச்சா ஒவ்வொண்ணு. அச்சடிச்ச பதில் சபை ஆரம்பிக்க கொஞ்சம் முன்னாடிதான் கைக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துல அதுல எந்த வரி பொய்க்கால்ல நிக்குதுன்னு கண்டுபிடிச்சு எம்.பி. காதுல போடணும், என் வேலைலயே எனக்குப் புடிச்சது அதுதான். பல எம்.பி.க்கள் என்ன பண்ணுவாங்கன்னா கிடைச்ச துணைக் கேள்வில மூணு நிமிஷம் தலைவரைப் புகழ்ந்துட்டு கடைசில "என் தொகுதிக்கு ஒரு ரயில் விடுவீங்களா"ன்னு முடிப்பாங்க, மந்திரியும் சிரிச்சுக்கிட்டே "பரிசீலிக்கப்படும்"பார். அதோட போச்சு.

ஸ்காபரோ தம்பி: அண்ணை, இஞ்ச கனடாவில ஒவ்வொரு நாளும் நோட்டீஸ் இல்லாமலே பிரதமரிட்டயே நேர கேக்கிறாங்கள். இந்தியாவில ஏன் அப்பிடி இல்லை?

கனடால 45 நிமிஷம், கேள்விக்கு 35 செகண்ட், பதிலுக்கு 35 செகண்ட், அதுல சூடு இருக்கும், ஆனா விவரம் ஒண்ணும் கிடைக்காது, ரெண்டு பக்கமும் டயலாக்தான். பிரிட்டன்ல புதன்கிழமை மத்தியானம் 12 மணிக்கு அரை மணி நேரம் பிரதமர் தனியா நிக்கணும், எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் ஆறு கேள்வி. நம்ம ஊர்ல அப்படி ஒரு தனி நேரமே கிடையாது. பிரதமர்கிட்ட இருக்கிற துறைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குவாங்க, அன்னிக்கு இணை மந்திரி எழுந்து பதில் சொல்லிட்டுப் போயிடுவார். எனக்குக் கேட்டா 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கிற நம்ம முறையே விவரம் வாங்கறதுக்கு நல்லது, ஆனா வாரத்துக்கு ஒரு அரை மணி பிரதமரும் நிக்கட்டுமே, என்ன குறைஞ்சுடும்.

பழைய பேப்பர் பிரியன்: கேள்வி கேட்டு இதுவரைக்கும் ஏதாவது மந்திரி பதவி போயிருக்கா சார்?

போயிருக்கு, அதுவும் நம்ம மெட்ராஸ்காரருக்கு. 1956ல எல்.ஐ.சி. வந்துச்சு, அடுத்த வருஷமே ஹரிதாஸ் முந்த்ராங்கற கல்கத்தா வியாபாரியோட ஆறு கம்பெனி ஷேரை சுமார் 1.24 கோடிக்கு எல்.ஐ.சி. வாங்கிடுச்சு, பாலிசி கட்டின சனங்க பணம், அந்தக் காலத்து ஒண்ணேகால் கோடி. ராம் சுபக் சிங்னு ஒரு எம்.பி. 1957 செப்டம்பர்ல சாதாரணமா ஒரு கேள்வி போட்டார், நிதியமைச்சகத்துலருந்து மழுப்பலா பதில் வந்துச்சு. வினையே அங்கதான். டிசம்பர் 16ல பெரோஸ் காந்தி எழுந்து புட்டுப் புட்டு வச்சார். அவர் யாரு, ஆளுங்கட்சி எம்.பி., நேருவோட மருமகன். அப்புறம் நீதிபதி சாக்ளா விசாரணை, பம்பாய்ல திறந்த கோர்ட்ல நடந்துச்சு, கூட்டம் தாங்காம வெளில ஸ்பீக்கர் கட்டினாங்க. 1958 பிப்ரவரில நிதி மந்திரி டி.டி.கே. (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) ராஜினாமா. 1963ல திரும்ப நிதி மந்திரி ஆயிட்டார், அது வேற கதை. இதுல மாட்டின நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேலும் 1977ல ஜனதா ஆட்சில நிதி மந்திரி ஆனார், அரசியல்ல யாரையும் முடிஞ்சு போனவர்னு எழுதிடக் கூடாது போல.

முதல் பதில்லயே உள்ளதைச் சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

கோவை அக்கா: தம்பி, காசு வாங்கிட்டு கேள்வி கேக்கறாங்கன்னு வந்துச்சே?

ஆமாக்கா. 2005ல ரகசிய கேமரா வச்சு எடுத்தாங்க, இல்லாத ஒரு சிறுதொழில் சங்கத்துப் பேரைச் சொல்லி எம்.பி.க்கள்கிட்ட காசு குடுத்து கேள்வி போடச் சொன்னாங்க. குடுத்த கேள்விகள்ல ஒண்ணு, ஏதோ ஒரு இங்கிலீஷ் நாவல் ஹீரோவோட பேரை வச்சு அந்தப் பேர்ல ஜெர்மன் ரயில் இன்ஜின் வாங்க ஆர்டர் குடுத்தாச்சான்னு. தான் என்ன கையெழுத்துப் போடறோம்னு படிச்சுக்கூட பாக்கல பாருங்க. டிசம்பர் 23ல ரெண்டு சபையும் சேர்ந்து 11 பேரை வெளியேத்தினாங்க. 15,000 ரூபாய்க்கெல்லாம் பதவி போச்சு. 2023 டிசம்பர்ல மஹுவா மொய்த்ரா வெளியேத்தப்பட்டது வேற மாதிரி, கேள்வி போடற ஆன்லைன் லாகினை வெளியாள்கிட்ட குடுத்தார்ங்கறது முக்கியக் குற்றச்சாட்டு, காசு வாங்கினேன்ங்கறதை அவர் மறுத்தார், 2024ல அதே கிருஷ்ணாநகர்ல திரும்ப ஜெயிச்சும் வந்துட்டார்.

சிவகாசி: 2020ல கேள்வி நேரத்தையே தூக்கிட்டாங்களே?

கொரோனா காரணம் சொல்லி செப்டம்பர் கூட்டத்தொடர்ல எடுத்துட்டாங்க, எழுத்துக் கேள்வி மட்டும் இருந்துச்சு. அதுலதான் ஊரடங்குல நடந்தே ஊருக்குப் போன தொழிலாளிங்க எத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டதுக்கு அப்படிக் கணக்கே வச்சுக்கலைன்னு தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. கணக்கு இல்லாததால நஷ்டஈடுங்கற "கேள்வியே எழவில்லை"ன்னு வேற. இந்த "கேள்வி எழவில்லை"தான் அகராதிலயே கொடுமையான வார்த்தை. நேர்ல கேட்டிருந்தா ஏன் கணக்கு எடுக்கலைன்னு துணைக் கேள்வி வந்திருக்கும்ல, எழுத்துல அது முடியாது. கேள்வி நேரம் இருக்கணும்னு சொல்றதே அதுக்குத்தான்.

சட்டக்கல்லூரி மாணவி: சார், மந்திரி தப்பான தகவல் குடுத்தா? "பரிசீலிக்கறோம்"னு சொல்லிட்டு விட்டுட்டா?

தப்புன்னா சபாநாயகரோட 115ஆவது டைரக்‌ஷன் இருக்கு, அதுல எழுதிக் குடுக்கலாம், வேணும்னே சொன்னார்னா உரிமை மீறல். வாக்குறுதிக்குன்னு 1953லருந்தே தனிக் கமிட்டி இருக்கு, மந்திரி "ஆராய்கிறோம்", "விவரம் சேகரிக்கப்படுகிறது"ன்னு சொன்னா அதை வாக்குறுதின்னே கணக்குல எடுத்து மூணு மாசத்துல நிறைவேத்தணும்னு கேக்கும். இழுத்தடிப்பாங்க, வருஷக்கணக்கா நிலுவைல கிடக்கிறதும் உண்டு, ஆனா ஃபைல் சாகாது. விவரம் தெரிஞ்ச அதிகாரி அதனாலதான் "ஆராய்கிறோம்"னு எழுதவே பயப்படுவார், "அப்படி எந்தத் திட்டமும் இல்லை"ன்னு எழுதிட்டு நிம்மதியா போயிடுவார்.

திருவாரூர்: நம்ம சட்டமன்றம் எப்படிண்ணே?

அங்கயும் முதல் ஒரு மணி நேரம்தான். "ஆவன செய்ய அரசு முன்வருமா?"னு கேப்பாங்க, மந்திரி "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"பார். முக்கால்வாசி பஸ் டிப்போ, பாலம், ஆரம்ப சுகாதார நிலையம். தொகுதிக்கு அது வேணும்தான், ஆனா கொள்கையைப் பத்திக் கேக்கறது ரொம்பக் கம்மி. இன்னொண்ணு 110 விதி, அதுல அறிக்கை படிச்சா மேல விவாதமே கிடையாது, ஜெயலலிதா காலத்துல திட்டம் திட்டமா அதுலயே வந்துச்சு, கேள்வி கேக்க எடமே இல்லாம. 2022 ஜனவரிலருந்து கேள்வி நேரத்தை நேரலைல போட ஆரம்பிச்சதை மட்டும் பாராட்டலாம்.

தஞ்சாவூர் டீச்சர்: நாங்க சாதாரண ஜனங்க, எங்க கேள்வியை எம்.பி. மூலமா கேக்க முடியுமா?

முடியும் டீச்சர், நான் ஆபீஸ்ல இருந்தப்ப வந்த நல்ல கேள்விங்க பாதி லெட்டர்ல வந்ததுதான். 150 வார்த்தைக்குள்ள இருக்கணும். அபிப்பிராயம் கேக்காதீங்க, கிண்டல் வேணாம், கோர்ட்ல இருக்கிற விஷயத்தைத் தொடாதீங்க, மாநில அரசு வேலையை டெல்லில கேக்காதீங்க, இது நாலுலயும் தள்ளிடுவாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி சன்சாத் டாட் இன்ல போய் அதே விஷயத்துல ஏற்கனவே என்ன பதில் வந்திருக்குன்னு பாருங்க, தேதியோட அதைக் குறிப்பிட்டு "அதுக்கப்புறம் என்னாச்சு"ன்னு கேட்டா அமைச்சகத்துக்கு ஓட வழி கம்மி. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்துல ஒரு நாள்தான், நோட்டீஸ் முழுசா 15 நாள் முன்னாடி போகணும், அதனால கூட்டத்தொடர் தேதி அறிவிச்ச அன்னிக்கே எம்.பி. ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. எம்.பி. பேருக்கு அனுப்பறதோட நிறுத்தாம அங்க கேள்வி எழுதற பையன் யாருன்னு விசாரிச்சு அவனுக்கும் ஒரு காப்பி போடுங்க, அவன் படிச்சாத்தான் அது நகரும்.